தென்காசிக்குப் போகாத வண்டி

வாங்க தம்பி, வாங்க. மருமகன் போன்ல போட்ட விளம்பரத்தைப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க? அந்தப் பக்கக் கதவைத் தொடாதீங்க, அது திறக்காது. இப்படிச் சுத்தி டிரைவர் பக்கமா ஏறி உள்ளே வாங்க. தலை பத்திரம்.

உட்காருங்க. அது சீட்டு இல்லை, சேவு டப்பா. பரவாயில்லை, தாங்கும். உள்ளே இன்னும் கொஞ்சம் சேவு கிடக்கு, சிக்குவாடை அடிச்சிருக்கும். எடுத்து வெளியே கொட்டணும் கொட்டணும்னு பார்க்கிறேன்.

தம்பிக்கு என்ன தொழில்? பரோட்டாக் கடையா! வண்டியிலேயே கல்லைப் போட்டுக் குற்றாலம் ரோட்டில் நிறுத்தப் போறீங்க. நல்ல யோசனைதான். சீசனுக்கு அள்ளும். ஆனா வாங்குறதுக்கு முன்னால வண்டியோட ஜாதகத்தைச் சொல்லிடணும் இல்லையா? மறைச்சு விற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இது ஒரு சினிமா நடிகையோட மேக்கப் வண்டி. பேர் கேட்காதீங்க, சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். இந்த ஜன்னலில் சாய்ந்துதான் அந்தம்மா தூங்குவாங்க. தேனிப் பக்கம் படப்பிடிப்பு நடந்தப்ப ஒரு காட்டு யானை வந்து, தூங்குற முகத்தைக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டு, துதிக்கையைத் தூக்கிக் கூரையில ஒரு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போச்சு. மேலே பாருங்க, தகரம் அமுங்கியிருக்கா? அதுதான்.

சிரிக்கிறீங்க. சரி விடுங்க, உங்க முகத்தைப் பார்த்தா பொய் சொல்ல மனசு வரலை. அது என் வீட்டுக்காரி பூரணத்துக்குச் சொன்ன கதை. வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து வாசலில் நிறுத்தின அன்னைக்குச் சொன்னது. அவ உள்ளே ஏறி மூக்கைச் சுருக்கி, "என்னங்க ஊதுபத்தி வாசம் அடிக்குது?"ன்னா. "என் சாம்பிள் பெட்டி உள்ளே இருந்துச்சு"ன்னேன். நான் ஊதுபத்திக் கம்பெனியில ஊர் ஊரா ஆர்டர் எடுத்தவன் தம்பி. என் பத்தியை ஏத்தினா செத்த பாம்பும் எழுந்து படம் எடுக்கும்னு சொல்லி விற்றிருக்கேன். வாங்கினவன் எவனும் செத்த பாம்போட திரும்பி வந்து சண்டைக்கு நிற்கலை.

உண்மையைச் சொல்றேன். இது அமரர் ஊர்தி. விருதுநகர்ல ஒரு சங்கத்துக்காரங்க புதுசு வாங்கிட்டாங்க, இது வேப்பமரத்தடியில கிடந்தது. ஒரு பயல் வாங்கலை. எடைக்குப் போடுற ஆளே தொட யோசிச்சான். எனக்குத் தோதாப் போச்சு. சாத்தூர்ல நாங்க இருந்த வாடகை வீட்டை இடிக்கப் போறேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். கையில இருந்த காசுக்கு அட்வான்ஸ் கொடுத்தா சோத்துக்கு இல்லை, சோறு தின்னா அட்வான்ஸுக்கு இல்லை. வண்டியே வீடுன்னா வாடகை கிடையாது, வீட்டு வரி கிடையாது, பக்கத்து வீடு பிடிக்கலைன்னா சாவியைத் திருப்பிப் பக்கத்து வீட்டையே மாத்திக்கலாம்! மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டினேன். "இன்ஜின் கன்னிப்பொண்ணு மாதிரி இருக்கு அண்ணாச்சி. இதை யாருமே விரட்டி ஓட்டினதில்லை"ன்னான். ஏன் விரட்டணும்? உள்ளே இருக்கிறவருக்கு என்ன அவசரம்?

பாடை வைக்கிற மேடை இருந்ததே, அதில மெத்தையைப் போட்டோம். அளவெடுத்துச் செஞ்ச கட்டில். சொந்தக்காரங்க உட்கார்ந்து அழுறதுக்கு ரெண்டு பக்கமும் பெஞ்சு. ஒரு பெஞ்சில அடுப்பு, சிலிண்டர். இன்னொண்ணு வந்தவங்க உட்கார. தண்ணிக்கு ரெண்டு கேன். குளியல் கோவில் குளத்தில, மத்ததுக்குப் பெட்ரோல் பங்க். வெயில் காலத்தில கூரையில நனைச்ச சாக்கைப் போட்டா ஊட்டி. அப்படியே ஊட்டின்னு சொல்ல மாட்டேன், திண்டுக்கல் வரைக்கும் வந்துடும். பூரணம் ரவா உப்புமா கிண்டினா நாலு லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்ப்பான். "அக்கா, ஓட்டலா?"ம்பான். இவ ஒரு தட்டு கொடுத்துடுவா.

வாசலுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னால, விருதுநகர்லயே வச்சு, வெள்ளையையும் அதிலிருந்த எழுத்தையும் மறைக்க மஞ்சள் பெயின்ட் அடிச்சேன். அடிச்சவன் எங்க தெருக்காரன். வண்டி வாசலுக்கு வந்ததும் பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு, "முன்னால யார் பேரை எழுத? உங்க சிங்கப்பூர்ப் பொண்ணு பேரை எழுதிடவா அண்ணாச்சி?"ன்னான். பூரணம் முகத்தைத் திருப்பிக்கிட்டா. "பேரெல்லாம் வேண்டாம்ப்பா, கண்ணாடியை மறைக்கும்"னுட்டேன்.

சிங்கப்பூர்ப் பொண்ணு யாருன்னு கேட்கிறீங்களா? இந்தா, இந்த வீட்டுக்குள்ள இருக்காளே, இவதான். தமயந்தி. ஒரே மக. தென்காசியை விட்டு இவ எந்தச் சிங்கப்பூரையும் பார்த்ததில்லை.

அது ஒண்ணுமில்லை தம்பி. இந்த ரூபன், என் மருமகன், பேட்டரிக் கடை வச்சிருக்கான்ல, இவன் வேதக்காரப் பையன். ஒருநாள் ரெண்டு பேரும் சர்ச்சில கல்யாணம் பண்ணிட்டோம்னு போன் வந்தது. தெருவில கேட்பாங்களே, என்ன சொல்றது? சட்டுனு வாயில வந்தது, "சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுப் போயிருக்கா"ன்னேன். அதோட விட்டிருந்தா வெறும் பொய். நான் அதை வளர்த்தேன். மதுரைக்கு ஆர்டருக்குப் போனா அங்கே வெளிநாட்டுச் சாமான் கடையில தைலம், சோப்பு, மிட்டாய் வாங்கிட்டு வந்து, மக அனுப்பினான்னு தெருவெல்லாம் கொடுப்பேன். அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தேன். கடல் பார்த்த மாதிரி பன்னெண்டாவது மாடியில வீடு கொடுத்தேன். பெத்த அப்பன் எவனாவது மகளை இவ்வளவு வசதியா வச்சிருப்பானா?

நடுவுல ஒருநாள் அவளே கெடுக்கப் பார்த்தா. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு சாத்தூர் பஸ் ஸ்டாண்டில வந்து இறங்கிட்டா. நல்லவேளை, நான் டீக்கடையில நின்னேன். "அம்மாவைப் பார்க்கணும்ப்பா"ன்னா. "நீ சிங்கப்பூர்ல இருக்கிறவ. இப்படிக் கட்டைப்பையோட வந்து நின்னா நான் தெருவில என்ன சொல்ல? போயிட்டு, முன்கூட்டிச் சொல்லிட்டு, ஏரோப்பிளேன்ல வந்த மாதிரி ஒரு டாக்சி பிடிச்சு வாம்மா"ன்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுத்து, ஜன்னலோர சீட்டாப் பார்த்து உட்கார வச்சுத்தான் அனுப்பினேன். அவ கட்டைப்பையைச் சீட்டுக்கு அடியில தள்ளிட்டுப் பிள்ளையை மடியில போட்டுக்கிட்டா. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன்.

அது எப்படியோ பூரணத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. சண்டை போடுவான்னு பார்த்தேன், போடலை. சோத்தை வடிச்சு என் முன்னால வச்சுட்டு, "சிங்கப்பூர்ல இப்ப மணி என்னங்க?"ன்னு கேட்டா. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. சொன்னேன்.

சரி, வண்டிக்கு வருவோம். இதில வந்து இருக்கப் பூரணம் ஒத்துக்கிட்டது ஒரே ஒரு பேச்சுக்குத்தான். "தெருவும் இல்லை, கேட்கிற ஆளும் இல்லை. முதல்ல தென்காசி போவோம். தமயந்தியைப் பார்க்கணும். பேத்தியை இன்னும் கையில வாங்கலை நான்." நானும் சரின்னேன். வேற எங்கே போறது? தென்காசிதான்!

தமயந்திக்குச் சேவுன்னா உயிர். சாத்தூர்ல அடுப்பில இருந்து இறக்கினது சூடா வாங்கி, அந்த டப்பாவில போட்டு, மூடியை அமுக்கி, பூரணம் மடியிலேயே வச்சுக்கிட்டா. கிளம்பினோம். கோவில்பட்டி தாண்டி, கழுகுமலை தாண்டி, வண்டி நின்னுபோச்சு.

இந்தக் குமிழைப் பார்த்தீங்களா, ஸ்டியரிங்குக்குக் கீழே? பழைய டீசல் வண்டி தம்பி, சாவியைத் திருப்பினா இன்ஜின் நிற்காது. இந்தக் குமிழை இழுத்தாத்தான் நிற்கும். என் முழங்கால் நீளம். படக்கூடாத நேரத்தில போய்ப் பட்டுடும். பட்டதா படலையான்னு எனக்கே தெரியாது. மெக்கானிக் வந்தான், தட்டினான், உடனே ஓடிச்சு. "ஒண்ணுமே இல்லையே பெரியவரே"ன்னான். ஒண்ணுமில்லாத வண்டி ஏன் நிற்கணும்? அதானே பயம்? திரும்பிட்டோம். எட்டயபுரத்துத் தெப்பக்குளத்துப் பக்கம் நிறுத்தி, டீயைப் போட்டு, அந்தச் சேவைத் தின்னோம்.

அடுத்த தடவை புதுச் சேவு. சங்கரன்கோவில் வரைக்கும் போச்சு, நின்னுச்சு. திரும்பி வந்து தின்னோம். அதுக்கடுத்த தடவை ரோட்டை மாத்திப் பார்த்தேன், திருநெல்வேலி வழியா. பாவூர்சத்திரம் வந்துட்டோம். குற்றாலத்து மலை எதிர்ல நிற்குது, சாரல் அடிக்குது. அங்கே வந்து நின்னுச்சு. பூரணம் மலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கீழே குனிஞ்சு என் காலைப் பார்த்தா. "உங்க முழங்காலுக்கு வழி நல்லாத் தெரியுது"ன்னா.

"பேட்டரி போச்சு"ன்னேன்.

"பேட்டரின்னா நல்லதுதான். இங்கேருந்து கூப்பிட்டாக் கேட்கிற தூரத்தில ஒருத்தர் பேட்டரிக் கடை வச்சிருக்காரு. போன் போடுங்க."

"மாமனார் முதல் தடவை போறப்பவே கெட்டுப்போன வண்டியில போய் நிற்கிறதா? மரியாதை என்ன ஆறது?"

"அப்ப நான் பஸ்ல போயிடுறேன்"னு டப்பாவைத் தூக்கிக்கிட்டு எழுந்தா. நான் விடலை. "நம்மகிட்ட வண்டி இருக்கிறப்ப நீ பஸ்ல போய் இறங்கினா பொண்ணு என்ன நினைப்பா? சேர்ந்து போவோம், கம்பீரமாப் போவோம், கொஞ்சம் பொறு"ன்னேன். உட்கார்ந்துட்டா. நான் சொன்னா உட்கார்ந்துடுவா தம்பி, அப்படிக் குணம்.

அன்னைக்குத்தான் இன்னொண்ணும் நடந்தது. சாரல்ல வண்டி நனைஞ்சு கிடந்ததா, மஞ்சள் பெயின்டுக்கு அடியிலேருந்து பழைய எழுத்து மேலே வந்துடுச்சு. பெயின்டுக்காரன் ஒரு கோட்டோட விட்டுட்டான், படுபாவி. ரோட்டில போறவன் எல்லாம் எங்களைப் பார்த்துச் செருப்பைக் கழட்டுறான், தோள் துண்டை எடுக்கிறான். ஒரு பஸ் ஒதுங்கி வழி விட்டுது. என் மீசைக்குத்தான் இவ்வளவு மரியாதைன்னு நானும் கையைத் தூக்கித் தூக்கி வணக்கம் போட்டுக்கிட்டு இருக்கேன். பூரணம் இறங்கிப் போய் வெளியே பார்த்துட்டு வந்தா. கத்தலை. அடுப்பைப் பத்த வச்சா. "இதில வந்தவங்களில நாம ரெண்டு பேர்தான் டீ குடிச்சிருப்போம்"ன்னா.

அதுக்கப்புறம் அவ பின்கதவைத் தொடுறதில்லை. பொணம் இறக்குற கதவுல்ல அது. எப்பவும் இந்தப் பக்கக் கதவுதான். ஏறி இறங்க உயரமா இருக்குன்னா, ஒரு மணை செஞ்சு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தலைக்கு வச்ச தேங்காய் எண்ணெய் மிச்சத்தை, கதவு ஓடுற தண்டவாளத்தில விட்டு, முந்தானையால துடைச்சுக்கிட்டே இருப்பா. எண்ணெய் என்ன விலை விற்குது! திட்டினா, "மக வீட்டு வாசல்ல நான் இந்தப் பக்கமாத்தான் இறங்குவேன். அன்னைக்குக் கதவு மக்கர் பண்ணக்கூடாது பாருங்க"ம்பா.

எத்தனையோ ஊர் காட்டினேன் தம்பி. தூத்துக்குடிக் கடல், தரங்கம்பாடிக் கடல், ராமேஸ்வரத்துக் கடல். ஒரு ராத்திரி ராமேஸ்வரத்தில மீன் ஒண்ணு துள்ளி ஜன்னல் வழியா நேரா எங்க குழம்புச் சட்டியில வந்து விழுந்துச்சு, நீங்க நம்பணும். புளி கரைச்சு ரெடியா இருந்தது வேற. அவளுக்கு என்ன குறை வச்சேன்? கடலைக் காட்டினா அவ எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துக்குவா. "மலை எந்தப் பக்கம் இருக்கு?"ம்பா.

திருச்செந்தூர்ல இருந்தோம். மத்தியானம். இந்தப் படியில உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "ஏங்க"ன்னா. வெங்காயம் எல்லாம் ரோட்டில உருண்டு ஓடிச்சு. நான் எதை முதல்ல பிடிக்கிறதுன்னு தெரியாம வெங்காயத்தைப் பொறுக்கிட்டேன். ரெண்டு பொறுக்கினதும்தான் புத்தி வந்தது.

ஆஸ்பத்திரியில டாக்டருங்க வெளியே வந்து தலையை ஆட்டினாங்க. "எந்த ஊருக்குக் கொண்டு போகணும் பெரியவரே? வண்டி சொல்லவா?"ன்னு கேட்டாங்க.

"வண்டி இருக்கு. தென்காசி"ன்னேன்.

அன்னைக்கு நிற்கலை தம்பி.

திருநெல்வேலி தாண்டிச்சு, ஆலங்குளம் தாண்டிச்சு, பாவூர்சத்திரம் தாண்டிச்சு. ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை. வெண்ணெய் மாதிரி ஓடுது. "நில்லு, கொஞ்சம் நில்லு, நான் என்னன்னு போய்ச் சொல்ல?"ன்னு அதுகிட்டப் பேசிக்கிட்டே வர்றேன், கேட்கலை. இந்தக் குமிழ் அங்கேயேதான் இருந்தது. முழங்காலும் அதே முழங்கால்தான். படலை. மலை தெரிஞ்சதும் சாரல் பிடிச்சுக்கிச்சு. எழுத்து மேலே வந்துடுச்சு. ரோட்டோரத்தில ஆளுங்க எழுந்து நிற்கிறாங்க, செருப்பைக் கழட்டுறாங்க. இந்த முறை நான் வணக்கம் போடலை.

எல்லாம் பழக்கம் தம்பி. அத்தனை வருஷம் ஒரே வேலை பார்த்த வண்டி. உயிரோட ஒருத்தியை உட்கார வச்சு மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா அதுக்குத் தெரியலை. இது தெரியுது. அதனாலதான் சொல்றேன், இதை வாங்கி நீங்க பரோட்டா போட்டா விளங்காது. முன்னால வந்தவங்ககிட்டயும் இதைத்தான் சொன்னேன், எழுந்து போயிட்டாங்க. நான் யாரையும் குத்தம் சொல்லலை. குத்தம் வண்டியோடது.

இந்த வாசல்லதான் கொண்டு வந்து நிறுத்தினேன். ரூபனும் அவன் ஆளுங்களும் பின்கதவைத் திறந்துதான் இறக்கினாங்க. அது அப்படித்தானே இறக்கணும், பக்கவாட்டில முடியாதே. எல்லாம் முடிஞ்ச பிறகு தமயந்தி வண்டிக்குள்ள வந்து, "அம்மா எங்க உட்காருவாங்க?"ன்னா. முன்சீட்டைக் காட்டினேன். உட்கார்ந்தா. டப்பாவைத் திறந்து ஒரு சேவை எடுத்து வாயில போட்டா. அவ்வளவுதான்.

அதிலேருந்து நான் இங்கேதான் இருக்கேன். வீட்டுக்குள்ள வாங்கப்பான்னு கூப்பிடுறா. எனக்கென்ன வீடு இல்லையா? இதோ என் வீடு. இவ வீட்டு வாசலைப் பார்த்த கதவு இது ஒண்ணுதான், அதுவும் பூரணம் போனதிலேருந்து திறக்க மாட்டேங்குது. துருப்பிடிச்சிருக்கும். ஜன்னல் வழியாத் தட்டைக் கொடுத்துடுவா. வண்டியை விற்றாத்தான் நான் இறங்குவேன்னு நினைச்சு மருமகன் விளம்பரம் போட்டிருக்கான். கெட்டிக்காரன்.

சரி, சாவி இந்தாங்க. வந்ததுக்கு ஒரு திருப்பு திருப்பிப் பாருங்க. இன்ஜின் பிடிக்காது, முன்னாடியே சொல்லிட்டேன்.

அட.

அது... ரூபன் புது பேட்டரி போட்டிருக்கான் போல, எனக்குத் தெரியாம. போதும் தம்பி, குமிழை இழுங்க. மெதுவா. ம். அப்படித்தான். அவ்வளவு லேசாத்தான் இருக்கும்.

அந்தா வர்றா பாருங்க, தட்டோட. மணி சரியா இருக்கும். கேட்டீங்களா, "அப்பா, சோறு போட்டாச்சு, உள்ள வாங்க." தினமும் இதேதான். நானும் தினமும் அதே பதில்தான்: கதவு திறக்கலைம்மா, ஜன்னல் வழியாக் கொடு.

தம்பி, என்ன பண்றீங்க? அதைத் தொடாதீங்கன்னு வந்தவுடனே சொன்னேனா இல்லையா, அது இழுத்தா வராது, ரொம்ப நாளா...

சத்தமே இல்லையே.

ஒத்தை விரலாலயா இழுத்தீங்க?

கையில என்ன அது, பிசுபிசுன்னு? மோந்து பாருங்க. தேங்காய் எண்ணெய்தானே?

ம்.

இல்லை, சாத்த வேண்டாம். இருக்கட்டும். தம்பி, உங்க காலடியில ஒரு மணை கிடக்கும். அதை எடுத்து வெளியே போடுங்க. கொஞ்சம் தள்ளி, இந்தப் பக்கமா. பூரணம் அங்கேதான் போடுவா. உங்க கையைக் கொஞ்சம் கொடுங்க.

தமயந்தி, தட்டை உள்ளே கொண்டு போ, வர்றேன். அழாத. எதிர்வீட்டுக்காரங்க எட்டிப் பார்க்கிறாங்க பாரு. யாருன்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?

அப்பா சிங்கப்பூர்லேருந்து இப்பத்தான் வந்து இறங்குறாருன்னு சொல்லிடு.